உறக்கத்தில் மூச்சுத் தடை: ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொழுது புலர்வதற்கு முன்னரே எழுந்து பால்மரங்களை நாடிச் செல்வது நம் தோட்டத் தொழிலாளர்களின் அன்றாடக் கடமையாகும். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால், அந்நேரத்தில் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிப்புக் குறையும். ஆதலால், அதிகாலை 4 மணிக்கே படுக்கையை விட்டு எழும் தொழிலாளிக்குக் கிடைக்கும் உறக்கம் குறுகியதே. அந்தக் குறுகிய உறக்கமும் மூச்சுத் தடையால் துண்டு துண்டாகிப் போனால், அதன் பாதிப்பு பகற்பொழுது முழுவதும் தொடரும். மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் வழியில் கண்ணயர்தல், வெட்டுக்கத்தி கை தவறுதல், வீட்டாரிடம் காரணமின்றிச் சினங்கொள்ளுதல் ஆகியவை இதனால் விளையக்கூடும்.

இந்நோய்க்குச் சிறந்த மருத்துவம் இன்று உண்டு. இரவில் முகத்தில் அணிந்துகொண்டு உறங்கும் மூச்சுக் கருவியே அது. ஆனால், இக்கருவியின் விலை சில ஆயிரம் வெள்ளியாகும். நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர், ஏற்றதல்லாத கருவியை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்க நேர்ந்தால், பணமும் போகும், நோயும் தீராது. எனவே, கருவியை வாங்குவதற்கு முன் அறிய வேண்டியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

நாம் உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. நாக்கும் தொண்டைத் தசைகளும் அவ்வாறே தளர்ந்து பின்னோக்கிச் சாய்கின்றன. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. சிலருக்கோ மூச்சுப்பாதை குறுகி, காற்று செல்லும்போது தசைகள் அதிர்ந்து குறட்டை எழுகின்றது. பாதை முற்றிலும் அடைபட்டால் குறட்டையும் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். 10 வினாடியோ அதற்கு மேலோ இவ்வாறு மூச்சு நின்றால், அதனை ஒரு தடை என மருத்துவர்கள் கணக்கிடுவர். இரத்தத்தில் உயிர்க்காற்றின் அளவு குறைந்ததும் மூளை உடலைத் தட்டி எழுப்புகின்றது. உறங்குபவர் திணறி, பெருமூச்சு விட்டு, மீண்டும் உறக்கத்தில் ஆழ்கின்றார். காலையில் அவருக்கு இது நினைவில் இருப்பதில்லை.

ஒரே இரவில் நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு நிகழ்வதும் உண்டு. இந்நிலை பல்லாண்டுகள் நீடித்தால் இரத்த அழுத்தம் உயரக்கூடும்; இதய நோயும் பக்கவாதமும் தோன்றும் வாய்ப்பும் கூடுகின்றது.

கீழ்க்காணும் அறிகுறிகளைக் கவனித்தல் நன்று.

1. உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று, பின்னர் திணறலுடன் தொடர்தல்.
2. போதிய நேரம் படுத்திருந்தும் பகலில் தூக்கம் அழுத்துதல்.
3. காலையில் தலைவலி, வாய் உலர்ந்திருத்தல்.
4. இரவில் பன்முறை சிறுநீர் கழிக்க எழுதல்.
5. மறதி, எரிச்சல், வேலையில் கவனமின்மை.

இவற்றுள் முதலாவது அறிகுறியை நோயாளி தாமே அறிய இயலாது. அருகில் படுத்திருக்கும் கணவனோ மனைவியோதான் அதற்குச் சாட்சி. ஆதலால், மருத்துவரைக் காணச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் பயன் தரும். உடற்பருமன் உள்ளவர்களுக்கும் கழுத்துத் தடித்தவர்களுக்கும் இந்நோய் மிகுதியாகத் தோன்றும். எனினும், கீழ்த்தாடை சிறுத்துப் பின்னடைந்த மெலிந்தவர்களுக்கும் வரலாம். இது ஆண்களின் நோய் என எண்ணுவதும் தவறு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது தோன்றுகின்றது. அவர்கள் குறட்டையைவிடக் களைப்பையும் உறக்கமின்மையையும் பற்றியே முறையிடுவதால், நோய் கண்டறியப்படாமல் போவதுண்டு.

கருவி செய்யும் வேலை

1980 ஆம் ஆண்டுவரை, கடுமையான மூச்சுத் தடைக்குத் தொண்டையில் துளையிடும் அறுவை மருத்துவமே முதன்மை வழியாக இருந்தது. அவ்வாண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சல்லிவன் என்னும் மருத்துவர், தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டு காற்றை உறிஞ்சுவதற்கு மாறாக ஊதச் செய்து, அதனை மூக்கின் வழியே நோயாளிக்குச் செலுத்தினார். மூச்சுத் தடை நீங்கியது. இதன் விவரத்தை 1981 ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் சிபேப் எனப்படும் கருவிகளுக்கு அதுவே தொடக்கமாகும்.

இக்கருவியின் செயல் எளிதில் விளங்கக்கூடியது. காற்றில்லாத சைக்கிள் ட்யூப் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். சிறிது காற்றடித்தால் திறந்துகொள்ளும். தொண்டையும் அவ்வாறே. கருவி அறையில் உள்ள காற்றையே உறிஞ்சி, வடிகட்டி, மெல்லிய அழுத்தத்துடன் குழாய் வழியாக முகக்கவசத்திற்கு அனுப்புகின்றது. அந்த அழுத்தம் மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்ளாதபடி தாங்கிப் பிடிக்கின்றது. மூச்சை இழுப்பவரும் விடுபவரும் நாமே. கருவி பாதையைத் திறந்து வைக்கின்றது, அவ்வளவே.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உயிர்க்காற்றைச் செறிவாக்கித் தரும் கருவி வேறு; இது வேறு. கோவிட் தொற்றின்போது பல வீடுகளில் வாங்கி வைத்த ஆக்சிஜன் கருவி, அடைபட்ட தொண்டையைத் திறக்காது. அதனை இதற்கு மாற்றாகக் கொள்ளக்கூடாது. மூக்குத் துளையில் செருகும் சிறு விசிறி போன்ற பொருள்களும் கைப்பேசி விளம்பரங்களில் மலிவாக விற்கப்படுகின்றன. தொண்டையைத் தாங்கும் அழுத்தத்தை அவற்றால் உண்டாக்க இயலாது.

முதலில் பரிசோதனை

கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, கடைக்குச் செல்வதன்று, மருத்துவரிடம் செல்வதாகும். தோட்ட மருந்தகத்திலோ அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ நிலைமையை எடுத்துரைத்து, மருத்துவமனையின் சுவாச நோய்ப் பிரிவுக்கோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கோ கடிதம் பெறலாம்.

அங்கு உறக்கப் பரிசோதனை செய்யப்படும். மருத்துவமனையில் ஓரிரவு தங்கி, தலையிலும் மார்பிலும் மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டு உறங்குவது ஒரு முறை. விரலிலும் மூக்கிலும் மார்பிலும் பொருத்தும் சிறு கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று உறங்குவது மற்றொரு முறை. இரண்டிலும் வலியில்லை, ஊசியில்லை. மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கின்றது அல்லது குறைகின்றது என்பதை இப்பரிசோதனை காட்டும். வயது வந்தவர்களுக்கு 5-க்குக் குறைவாயின் இயல்பு நிலை. 5 முதல் 15-க்குள் இலேசான நோய். 15 முதல் 30-க்குள் நடுத்தரம். 30-உம் அதற்கு மேலும் கடுமை எனக் கொள்வர்.

இலேசான நோயுள்ள எல்லோருக்கும் கருவி தேவைப்படுவதில்லை. உடல் எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், படுக்குமுன் மது அருந்தாமை ஆகியவற்றால் சிலர் நலம் பெறுவர். பீர், சாராயம், சம்சு எதுவாயினும் மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். தூக்க மாத்திரைகளை மருத்துவரின் அனுமதியின்றி உட்கொள்வதும் தீங்கானது. கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி வைக்கும் பற்கருவியும் சிலருக்கு ஏற்றது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தொண்டைச் சதை வளர்ச்சியே காரணமாதலால், அவர்களுக்குரிய மருத்துவம் வேறு.

கருவி தேவை என முடிவானால், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதும் பரிசோதனையால் அறியப்படும். அழுத்தத்தை நீரின் சென்டிமீட்டர் கணக்கில் அளப்பர். ஒரு வாளி நீரில் குழலொன்றை 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அமிழ்த்தி ஊதினால், குமிழி வெளிவருவதற்கு வேண்டிய அழுத்தமே 10 சென்டிமீட்டர் அழுத்தம். இக்கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை தரவல்லவை. பால்வெட்டில் கத்தியின் ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் காயப்படும். ஒவ்வொரு மரத்தின் பட்டைக்கும் தக்கவாறு வெட்டுபவரே நல்ல தொழிலாளி. அழுத்தமும் அத்தகையதே. குறைந்தால் தொண்டை திறவாது. மிகுந்தால் காற்றுக் கசிவும் வயிற்று உப்புசமும் தோன்றும். அண்டை வீட்டாரின் கருவியில் வைத்துள்ள அளவு நமக்குப் பொருந்தாது.

மூன்று வகைக் கருவிகள்

முதல் வகை, இரவு முழுவதும் ஒரே அழுத்தம் தருவது. அமைப்பில் எளியது, விலையும் குறைவு. தேவையான அழுத்தம் பரிசோதனையில் திட்டமாகத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

இரண்டாம் வகை, தானியங்கிக் கருவி. மூச்சின் ஓட்டத்தைக் கவனித்து, மருத்துவர் வகுத்த எல்லைக்குள் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை மிகுபவர்களுக்கும், உடல் எடை மாறிவரும் நிலையில் உள்ளவர்களுக்கும் இது வசதியானது. விலை சற்று அதிகம்.

மூன்றாம் வகை, மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தருவது. மிகுந்த அழுத்தத்தை எதிர்த்து மூச்சுவிட இயலாதவர்களுக்கும், உடற்பருமனாலோ தசை நோயாலோ மூச்சின் அளவே குறைந்தவர்களுக்கும் மருத்துவர் இதனைப் பரிந்துரைப்பர். இதுவே மற்றவற்றைவிட விலை மிகுந்தது. விலை கூடியது என்பதனாலேயே இது எல்லோருக்கும் சிறந்ததாகிவிடாது.

இம்மூன்றில் எது வேண்டும் என்பதை மருத்துவரின் சீட்டே முடிவு செய்ய வேண்டும். விற்பனையாளரின் பேச்சு அன்று.

முகக்கவசமே முதன்மை

கருவி வாங்குவோர் பெரும்பாலும் பெட்டியைப் பற்றியே விசாரிக்கின்றனர். ஆனால், கருவியைக் கைவிடுவோரில் பலர் அவ்வாறு செய்வதற்குக் காரணம் முகக்கவசமேயாகும். முகத்தில் அழுத்தினாலும், காற்றுக் கசிந்து கண்ணில் பட்டாலும், நள்ளிரவில் கழற்றி எறியத் தோன்றும். கழற்றிய கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனற்றதே.

முகக்கவசங்களும் மூன்று வகைப்படும். மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. மூக்குத் துளைகளின் வாயிலில் சிறு மெத்தைகளாக அமைவது மற்றொன்று. மீசை வைத்திருப்பவர்களுக்கும் முகம் மூடப்பட்டால் திணறல் அடைபவர்களுக்கும் இது ஏற்றது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. வாயால் மூச்சுவிடுபவர்களுக்கும் அடிக்கடி மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் இது பயன்படும். தாடி உள்ளவர்களுக்கும் பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டுப் படுப்பவர்களுக்கும் கசிவு ஏற்படக்கூடும். சில கவசங்களின் கொக்கிகளில் காந்தம் உண்டு. இதயத்தில் மின்கருவி பொருத்தியவர்கள் அதனை முன்கூட்டியே சொல்லி, காந்தமற்றதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முகக்கவசத்தை நின்றுகொண்டு பொருத்திப் பார்த்தால் போதாது. படுத்து, கருவியை இயக்கி, இருபுறமும் திரும்பிப் பார்த்தல் வேண்டும். சில நாள் வாடகைக்கோ சோதனைக்கோ தரும் விற்பனையாளர்களும் உள்ளனர். அத்தகையவரிடம் முதலில் பெற்று, வீட்டில் பல இரவுகள் அணிந்து பார்த்த பின்னரே பணத்தைச் செலுத்துதல் அறிவுடைமை.

தோட்ட வீட்டுக்குப் பொருந்துமா?

மின்வெட்டு நேரும் இடங்களில் வாழ்பவர்கள், பேட்டரியில் இயங்கும் வசதி உண்டா எனக் கேட்டறிய வேண்டும். நீரைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரமூட்டும் பகுதி இயங்கினால் பேட்டரி விரைவில் தீரும். நம் நாட்டின் காற்றே ஈரம் மிகுந்ததாதலால், சிலர் அப்பகுதி இன்றியே உறங்குவர். மூக்கும் தொண்டையும் உலர்ந்து வருந்துபவர்களுக்கு அது தேவை. ஆகவே, தேவைக்கேற்பக் கழற்றவும் பூட்டவும் கூடிய அமைப்பு நலம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் கவசங்களில், மின்சாரம் நின்றால் வெளிக்காற்று உள்ளே வருவதற்கான வழி அமைந்திருக்கும். அது உள்ளதா எனப் பார்த்து வாங்குக.

கருவியைத் தரையில் வைக்காமல் சமமான மேசைமீது வைக்க வேண்டும். ஆனால் படுத்திருப்பவரின் தலையைவிடத் தாழ்வாக இருத்தல் வேண்டும். இல்லையேல் குழாயில் தேங்கும் நீர் முகத்தை நோக்கி வழியும். கொசுவர்த்திச் சுருளை அதன் அருகில் கொளுத்தக்கூடாது. வடிகட்டி தூசைத் தடுக்குமேயன்றிப் புகையைத் தடுக்காது. கருவி அப்புகையையே உறிஞ்சி நம் மூக்கில் செலுத்தும். கரப்பானும் பல்லியும் குழாயில் நுழையாதபடி பகலில் மூடி வைத்தல் வேண்டும்.

பழைய கருவியை வாங்கலாமா?

குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய கருவி பலரைக் கவரும். இதில் எச்சரிக்கை தேவை. 2021 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம், தான் தயாரித்த மூச்சுக் கருவிகள் இலட்சக்கணக்கானவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒலியைக் குறைப்பதற்காக உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகளும் வாயுவும் மூச்சில் கலக்கக்கூடும் என்பதே காரணம். அத்தகைய பழைய கருவிகள் கைமாறி வந்துவிடலாம். ஆகவே, பழைய கருவியின் மாதிரிப் பெயரையும் தொடர் எண்ணையும் குறித்துச் சென்று மருத்துவமனையில் காட்டி, உறுதிப்படுத்திக்கொள்ளாமல் வாங்கக்கூடாது. பிறர் அணிந்த முகக்கவசத்தையும் குழாயையும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது.

புதிய கருவியாயினும், 2012 ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு பெற்றதா எனக் கேட்க வேண்டும். உத்தரவாதக் காலம் எவ்வளவு, பழுதுபார்க்கும் இடம் எங்கே, மெத்தையும் வடிகட்டியும் என்ன விலை, அவை தொடர்ந்து கிடைக்குமா என்பவற்றையும் எழுத்தில் பெறுதல் நன்று. கருவி ஒருமுறைச் செலவு. வடிகட்டியும் மெத்தையும் தொடர் செலவு.

பணத்திற்கு வழி

கருவி தேவை என மருத்துவர் கூறியும் பணமில்லாத காரணத்தால் வீட்டுக்குத் திரும்பி, மருத்துவத்தையே மறந்துவிடுதல் கூடாது. அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு உண்டு. வசதி குறைந்த நோயாளிகள் அங்குச் சென்று நிலைமையை விளக்கலாம். சுகாதார அமைச்சின்கீழ்த் 'தாபோங் பந்துவான் பெருபாத்தான்' என்னும் மருத்துவ உதவி நிதி இயங்குகின்றது. மருத்துவமனையின் வழியாகவே இதற்கு மனுச் செய்ய வேண்டும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, நிபுணரின் கடிதம், கருவியின் விலைப்பட்டியல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டால் வேலை எளிதாகும். கருவியைக் கடனுக்கு வாங்கிய பின்னர் உதவி தேடுவதைவிட, வாங்குவதற்கு முன்னரே கேட்பது முறை.

பராமரிப்பும் பழக்கமும்

முகக்கவசத்தின் மெத்தையை நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துக. குழாயை வாரம் ஒருமுறை கழுவுக. ஈரமூட்டும் பகுதியில் டிஸ்டில்டு வாட்டர் என விற்கப்படும் வடிநீரையே ஊற்றி, எஞ்சியதைக் காலையில் கொட்டிவிடுக. கவசத்தில் உள்ள சிறு துளைகள் நாம் விடும் மூச்சு வெளியேறும் வழியாகும். காற்றுக் கசிகின்றதென எண்ணி அவற்றை அடைத்தல் ஆபத்து. ஓசோன் வாயுவால் தூய்மை செய்யும் பெட்டிகள் தேவையில்லை. அவ்வாயு நுரையீரலுக்குக் கேடு. சோப்பும் நீருமே போதும்.

முதல் சில இரவுகள் கடினமாகவே இருக்கும். பகலில் அமர்ந்து செய்தி கேட்கும்போது அரைமணி நேரம் அணிந்து பழகினால், இரவில் அச்சம் குறையும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயரும் வசதி பல கருவிகளில் உண்டு, அதனைப் பயன்படுத்தலாம். இரவுக்கு 4 மணி நேரமேனும் அணிதல் வேண்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாக வைக்கும் குறைந்த அளவு. உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே முழுப் பயன் தரும். எத்தனை மணி நேரம் அணிந்தோம், கசிவு எவ்வளவு, தடை எத்தனை என்பவற்றைக் கருவியே பதிவு செய்து வைப்பதால், மருத்துவரைக் காணச் செல்லும்போது அப்பதிவை எடுத்துச் செல்லுதல் வேண்டும். பிற்பகல் தூக்கத்திற்கும் இக்கருவியை அணிய வேண்டும் என்பதை நினைவிற்கொள்க. நோய் பகலென்றும் இரவென்றும் பார்ப்பதில்லை.

பரிசோதனை முதலில், அழுத்தம் அடுத்து, முகக்கவசம் அதன்பின், விலை கடைசியில். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் கைப்பொருள் வீணாகாது. எந்தக் கருவியை இரவு முழுவதும் முகத்தில் வைத்துக்கொண்டு உறங்க முடிகின்றதோ, அதுவே நமக்குரிய நல்ல கருவி. நம் வீட்டில் எவரேனும் உரக்கக் குறட்டைவிட்டு, இடையில் மூச்சு நின்று திணறுவாராயின், அதைக் கேலியாகப் பேசிச் சிரிப்பதை விடுத்து, இவ்வாரமே சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வோமாக. அதுவரை, தூக்கம் அழுத்தும் வேளையில் அவரை மோட்டார் சைக்கிள் ஓட்டவும் விடலாகாது.